இன்ஜின் விதி மாறினால் கரையில் நிற்பது யார்?



இந்த மாதச் சுவரிதழுக்கு “நமக்குத் தெரியாத விளையாட்டு” என்று தலைப்புக் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோல்ஃப், மீதிப் பேர் பனிச்சறுக்கு. நான் மோட்டார் படகுப் பந்தயம் எடுத்தேன். ஏன்னா, எங்க வீட்டுத் திண்ணையில் அப்பாவோட பழைய அவுட்போர்டு இன்ஜின் சாக்குப் போர்த்திக் கிடக்குது. இதே மாதிரி இன்ஜினை மாட்டி அமெரிக்காவில் ஒன்பது வயசுப் பிள்ளைகூட ரேஸ் ஓட்டுது என்று இன்ஜின் மெக்கானிக்கான என் சித்தப்பா சொன்னபோது நான் நம்பவே இல்லை. பிறகு தேடிப் படித்தேன். உண்மைதான்! படித்ததில் என்னை யோசிக்க வைத்தது வேகம் இல்லை, விதிகள்தான். அதைப் பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம்.

அவுட்போர்டு என்றால் என்ன?

படகின் உள்ளே பொருத்தாமல், பின்பலகையில் வெளிப்பக்கமாகத் தொங்கவிடும் இன்ஜின்தான் அவுட்போர்டு. மேலே இன்ஜின், நடுவில் நீளமான தண்டு, கீழே தண்ணீருக்குள் சுற்றும் புரப்பெல்லர். கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடலாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் சக்தி வெறும் ஒன்றரைக் குதிரைத்திறன். ஒருநாள் வெயிலில் ஐஸ்கிரீம் வாங்க ஏரியின் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போனபோதுதான் இந்த யோசனை வந்ததாம்.

பந்தயம் எப்படி நடக்கும்?

அமெரிக்காவில் படகுப் பந்தயங்களை நடத்தும் சங்கத்துக்கு அமெரிக்கன் பவர் போட் அசோசியேஷன் என்று பெயர். 1903-ல் தொடங்கியது. இதில் “ஸ்டாக் அவுட்போர்டு” என்று ஒரு பிரிவு உண்டு. இதில் ஓட்டுபவர்கள் சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள். சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு வந்து ஓட்டுவார்கள். படகு ரொம்பச் சின்னது. உட்கார இருக்கை கிடையாது, முழங்காலிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

நம்ம ஓட்டப்பந்தயம் மாதிரி கோட்டில் நின்று கிளம்ப மாட்டார்கள். படகுகள் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கும். பெரிய கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும் நேரம் பார்த்துக் கோட்டைத் தாண்ட வேண்டும். முந்தினால் அவுட்!

விதி எதற்கு?

பெரிய இன்ஜினோடு சின்ன இன்ஜினைப் போட்டிக்கு விட்டால் அது யானையோடு ஆட்டுக்குட்டியை ஓடவிட்ட மாதிரி. அதனால் இன்ஜின் சிலிண்டரின் கொள்ளளவை வைத்து வகுப்புப் பிரித்தார்கள். அவர்கள் கன அங்குலத்தில் சொல்வார்கள். ‘ஏ’ வகுப்பு 15 கன அங்குலம், அதாவது சுமார் 246 சி.சி. ‘பி’ வகுப்பு 20 கன அங்குலம், சுமார் 328 சி.சி.

“ஸ்டாக்” என்றால் கம்பெனியில் இருந்து வந்தபடியே என்று பொருள். பணக்காரர் ஒருவர் இன்ஜினைக் குடைந்து, தீட்டி, ரகசியமாக வேகம் ஏற்றக்கூடாது. அதனால் பந்தயம் முடிந்ததும் ஜெயித்தவரின் இன்ஜினைப் பிரித்து அளந்து பார்ப்பார்கள். பரீட்சை முடிந்த பிறகு பிட்டு இருக்கா என்று பையைச் சோதிப்பது மாதிரி! அளவு கொஞ்சம் தப்பினாலும் வெற்றி செல்லாது.

அப்படியானால் விதியை ஏன் மாற்றுகிறார்கள்?

நான் படித்தவரையில் மூன்று காரணங்கள்.

1. கம்பெனி இன்ஜின் செய்வதை நிறுத்திவிடும். 1939-ல் தொடங்கிய மெர்க்குரி கம்பெனி 1947-ல் ‘லைட்னிங்’ என்ற இன்ஜினைக் கொண்டுவந்தது. பத்துக் குதிரைத்திறன் என்று போட்டிருந்தாலும் அதைவிட அதிகமாகவே இழுத்ததாம். அதன் வழியில் வந்த மெர்க்குரி ரேஸ் இன்ஜின்கள்தான் 1950-களில் கொடிகட்டிப் பறந்தன. ஆனால் அவற்றைச் செய்வது நின்ற பிறகு உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. ஜான்சன், எவின்ரூட் இரண்டையும் செய்த ஓ.எம்.சி. கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது. வேறு கம்பெனி எவின்ரூட் பெயரை வாங்கி நடத்தி, 2020-ல் அதையும் நிறுத்திவிட்டது. விதியில் எழுதிய இன்ஜினே கடையில் இல்லை என்றால் புதுப்பிள்ளைகள் எதை வாங்குவார்கள்?

2. புகை. பழைய அவுட்போர்டுகள் டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். உள்ளே போகும் பெட்ரோலில் சுமார் கால் பங்கு எரியாமலே வெளியே வந்து தண்ணீரில் கலந்துவிடும். எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் படகுத்துறையில் நாமே பார்த்திருக்கிறோம் இல்லையா? அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-ல் ஒரு விதி போட்டது. 1998-ல் தொடங்கி 2006-க்குள் புது அவுட்போர்டுகளின் எரியாத எரிபொருள் புகையை 75 சதவீதம் குறைக்கச் சொன்னது. பந்தயத்துக்கு மட்டும் செய்யும் இன்ஜினுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் சாதாரண டூ-ஸ்ட்ரோக் கடையை விட்டுப் போய், ஃபோர்-ஸ்ட்ரோக் வந்தபோது பந்தயக்காரர்களுக்கும் சிக்கல் வந்தது.

3. பாதுகாப்பு. ‘ஜே’ வகுப்பு 9 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. என் வயசு! இதில் இன்ஜின் மூச்சு வாங்கும் வழியில் சின்ன ஓட்டை போட்ட தகடு ஒன்றை வைப்பார்கள். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு ஓடுவது மாதிரி இன்ஜினின் வேகம் குறைந்துவிடும். பிள்ளை வளர்ந்து அடுத்த வகுப்புக்குப் போனதும் தகடு போய்விடும்.

பழையதையும் புதியதையும் சமமாக்குவது எப்படி?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புது இன்ஜினைச் சேர்த்ததும் பழசு வைத்திருப்பவரை “நீ வீட்டுக்குப் போ” என்று சொல்லாமல் இருக்கச் சில வழிகள் உண்டு. சக்தி கூடின இன்ஜினுக்கு மேலே சொன்ன தகட்டைப் போடலாம். இல்லையென்றால் எடையைக் கூட்டலாம். படகும் ஆளும் சேர்ந்து இத்தனை எடைக்குக் குறையக்கூடாது என்று ஒவ்வொரு வகுப்புக்கும் கணக்கு உண்டு. என்னை மாதிரி ஒல்லியாக இருந்தால் படகில் ஈயக்கட்டி வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்! ரொம்பப் பழைய இன்ஜின்களுக்குத் தனி ஓட்டங்களும் உண்டு. விதிமாற்றங்களைப் பற்றி முடிவெடுக்க இந்தப் பிரிவுக்கென்று ஒரு குழு இருக்கிறது. உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவதும் உண்டு.

ஜப்பானில் வேறு வழி. அங்கே இந்தப் பந்தயம் 1952-ல் ஓமுரா என்ற ஊரில் தொடங்கியது. அது தொழில்முறைப் பந்தயம், பொழுதுபோக்கு இல்லை. ஆனால் யாரும் சொந்த இன்ஜின் கொண்டுவர முடியாது. எல்லாமே யமாட்டோ இன்ஜின். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுப்பார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே பந்தயத்தில் ஓட்டுகிறார்கள். அந்த யமாட்டோ இன்ஜின்கள் அமெரிக்காவுக்கும் போய், பழைய இன்ஜின் கிடைக்காமல் தவித்தவர்களுக்கு உதவின. ஸ்டாக் ‘சி’ வகுப்பு இப்போது அவற்றை வைத்துத்தான் ஓடுகிறது.

என் கருத்து

இதையெல்லாம் ஏன் இவ்வளவு எழுதினேன் தெரியுமா? இந்த வருஷம் ஓட்டப்போட்டிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? என் தோழி ஒருத்தி 800 மீட்டருக்காக மூன்று மாசம் காலையில் மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகினாள். மைதானத்துக்குப் போன பிறகுதான் சொன்னார்கள், “இந்த வருஷம் ஷூ இல்லாதவங்க ஓடக்கூடாது” என்று. இன்னொருத்தி தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தாள். இரண்டு சைஸ் பெரிசு. கடைசியில் என் தோழி வேப்பமரத்தடியில் எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தாள். பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

எனக்கு அன்று அவ்வளவு கோபம். ஆனால் இந்தக் கட்டுரைக்காகப் படித்த பிறகு ஒன்று புரிந்தது. அந்த விதி கெட்ட விதி இல்லை. கண்ணாடி குத்தக்கூடாது என்றுதான் போட்டிருப்பார்கள். புகை விதியும் அப்படித்தான், நல்லதுக்குத்தான் வந்தது. ஆனால் அதற்கு 1996-ல் சொல்லி 2006 வரை நேரம் கொடுத்தார்கள். என் தோழிக்குக் கிடைத்தது அரைமணி நேரம்.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஷூ எல்லார் வீட்டிலும் இல்லையே. அதனால் விதி மாறும்போது மூன்று காரியம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து: முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழசோடு வருபவருக்கும் கொஞ்ச காலம் இடம் கொடுக்க வேண்டும், இல்லாதவருக்கு ஒரு வழி காட்ட வேண்டும்.

விளையாட்டு சார் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். அடுத்த வருஷ விதிகள் தெரிந்தவுடன், ஜூன் மாசமே இந்தச் சுவரில் ஒட்டிவிடுங்கள் சார். ஜப்பானில் இன்ஜின் வைத்திருப்பது மாதிரி, பள்ளியிலேயே நாலைந்து சைஸில் ஷூ வாங்கி வைத்தால் இன்னும் நல்லது.

என் தோழியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். “எழுதிக்கோ, பேரு மட்டும் போடாதே” என்றாள். அவள் இன்னும் தினமும் ஓடுகிறாள்.



— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி