படம் மங்கினால் மங்கட்டும்!

2021. கோவிட் உச்சத்தில் இருந்த நேரம். சுங்கை பட்டாணியில் பாட்டியின் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, காலமானார். எண்பதைத் தாண்டிய பாட்டியைக் கிள்ளானிலிருந்து அவ்வளவு தூரம் அழைத்துப் போக யாருக்கும் துணிவில்லை. இறுதிச் சடங்கை யூடியூப்பில் நேரலையாகக் காட்டுவதாக மாமா சொன்னார்.

பாட்டிக்குப் பார்வை கொஞ்சம் குறைவு. தெளிவாகத் தெரியட்டுமே என்று படத்தின் தரத்தை ‘ஆட்டோ’விலிருந்து 1080பிக்கு மாற்றி வைத்தேன். அரை மணி நேரம் நன்றாகத்தான் ஓடியது. வாய்க்கரிசி போடும் நேரத்தில் படம் அப்படியே நின்று, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பதற்றத்தில் மூடித் திறந்தேன். மீண்டும் படம் வந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள்.

“முடிஞ்சிருச்சாம்மா?” என்று கேட்டார் பாட்டி. எனக்குப் பதில் வரவில்லை.

அன்று முழுக்க இணையத்தைத்தான் திட்டினேன். என் கைதான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரே படம், பல பிரதிகள்

இணையத்தில் நாம் பார்க்கும் காணொளி ஒரே கோப்பாக நமக்கு வருவதில்லை. ஒரே காட்சியை 240பி, 480பி, 720பி, 1080பி எனப் பல தரங்களில் தயாரித்து, ஒவ்வொன்றையும் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வைத்திருப்பார்கள். நம் கைப்பேசியில் உள்ள செயலி அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. ஒரு துண்டு சீக்கிரம் வந்தால் அடுத்ததை உயர்ந்த தரத்தில் கேட்கும். தாமதமானால் ஒரு படி இறங்கும். ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012இல் அனைத்துலகத் தரநிலையான டேஷ் இரண்டும் இப்படித்தான் இயங்குகின்றன.

ஒரு சின்னக் கணக்கு. 1080பி காட்சிக்கு விநாடிக்கு 5 மெகாபிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 6 விநாடித் துண்டுக்கு 30 மெகாபிட். வீட்டு இணையம் 2 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால், அந்தத் துண்டு வந்து சேர 15 விநாடி ஆகும். 6 விநாடிக் காட்சிக்கு 15 விநாடிக் காத்திருப்பு! அதே துண்டு விநாடிக்கு 1 மெகாபிட் போதுமான தரத்தில் இருந்தால் 3 விநாடியில் வந்துவிடும். ஆட்டோவில் விட்டிருந்தால் செயலி தானாக இறங்கியிருக்கும். இறங்க விடாமல் கட்டிப்போட்டது நான்.

தொட்டியில் எவ்வளவு தண்ணீர்?

தண்ணீர்த் தடையைப் பற்றிச் சிலாங்கூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் நீர் நின்றதே தெரியாது. செயலியும் அடுத்து வரும் காட்சியை முன்கூட்டியே சேமித்து வைக்கும். திரைப்படம் என்றால் நிறையவே சேமிக்கலாம். நேரலையில் இன்னும் நடக்காததை எப்படிச் சேமிப்பது? அங்கே தொட்டி மிகச் சிறியது. அதனால்தான் படம் பார்க்கும்போது தெரியாத தடங்கல், சடங்கு பார்க்கும்போது பளிச்சென்று தெரிகிறது.

2020 மார்ச்சில் ஐரோப்பாவே வீட்டுக்குள் அடைந்தபோது, நெட்ஃபிலிக்ஸ் அங்கே 30 நாளுக்குக் காட்சித் தரத்தைக் குறைத்தது. இணையத்தில் தன் சுமை சுமார் 25 விழுக்காடு குறையும் என்றது. தரத்தை விட்டுக்கொடுத்து ஓட்டத்தைக் காப்பாற்றினார்கள்.

வானொலியில் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித்தந்த பாடமும் இதுதான். தொலைபேசியில் பேசும் நேயரின் குரல் கரகரத்தாலும் பரவாயில்லை, அலைவரிசையில் மௌனம் விழக்கூடாது.

அடுத்த நேரலைக்கு முன்

• தரத்தை ஆட்டோவிலேயே விடுங்கள். இணையம் தடுமாறினால் நீங்களே 480பிக்கு இறக்குங்கள், ஏற்றாதீர்கள்.

• முக்கியமான அந்த அரை மணி நேரம் வீட்டில் மற்றவர்களின் பதிவிறக்கங்களும் விளையாட்டுகளும் காத்திருக்கட்டும்.

• மோடத்துக்கு அருகில் அமருங்கள். சுவர்கள் வைஃபையைப் பலவீனப்படுத்தும்.

• நேரலை அனுப்புபவர் நீங்களானால் கூடுதல் கவனம் தேவை. உங்கள் பக்கம் தடைப்பட்டால், பார்ப்பவர் வீட்டில் எவ்வளவு வேகமான இணையம் இருந்தும் பயனில்லை. முந்தைய நாளே அதே இடத்தில் நின்று சோதித்து, தாங்கும் தரத்தில் அனுப்புங்கள்.

• ஒலிக்கு மிகக் குறைந்த தரவே போதும். கைப்பேசியைப் பேசுபவருக்கு அருகில் வையுங்கள். படம் மங்கினாலும் குரல் வந்து சேரும்.

போன மாதம் பினாங்கில் பேரன் திருமணம். மூட்டு வலியால் பாட்டி போகவில்லை. இந்த முறை ரிமோட்டை நான் தொடவே இல்லை. தாலி கட்டும் நேரத்தில் படம் மங்கியது. மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கெட்டிமேளம் மட்டும் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பாட்டி மடியில் வைத்திருந்த அட்சதையை எடுத்துத் தொலைக்காட்சி மீது தூவினார்.