ஆக்சிஜன் இன்றிப் பரப்புச்செயலி உருவாக்கும் பாக்டீரியாக்கள்

நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் பரப்புச்செயலிகள் எனப்படும். சோப்பும் சலவைத்தூளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றின் நுரைக்கும் இத்தகைய இயற்கைப் பொருள்களே காரணம். சில பாக்டீரியாக்களும் இவற்றை உருவாக்குகின்றன. அவற்றுள் ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் உருவாக்க வல்லவை சிலவே.

நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு, பேசில்லஸ் சப்டிலிஸ் தரும் சர்ஃபாக்டின். இதை 1968இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஏழு அமினோ அமிலங்களைக் கொண்ட வளையமும் அதனோடு இணைந்த கொழுப்பு அமிலச் சங்கிலியும் சேர்ந்ததே இதன் மூலக்கூறு. சங்கிலி எண்ணெயை நாடும். வளையத்திலுள்ள அமிலத் தொகுதிகள் நீரை நாடும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். மிகச் சிறிதளவு சர்ஃபாக்டின் அதை ஏறக்குறைய 27 ஆகக் குறைத்துவிடும்.

இதன் பயன் எண்ணெய் வயல்களில் தெரியும். நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதாக மாணவர்கள் பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது பாறையின் நுண்துளைகளில், கடற்பஞ்சில் நீர் இருப்பதுபோல் இருக்கிறது. நீரைச் செலுத்தித் தள்ளிய பிறகும் பெரும்பாலும் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை குறைந்தால் சிக்கிய துளிகள் நகரும். ஆனால் அங்கே ஆக்சிஜன் இல்லை. காற்றைச் செலுத்தினால் இரும்புக் குழாய்கள் அரிக்கும்.

சுவாசத்தின் இறுதியில் எலக்ட்ரான்களை ஏற்க ஆக்சிஜன் தேவை என்று பாடத்தில் படிக்கிறோம். நைட்ரேட்டும் அந்த இடத்தை நிரப்பும். பேசில்லஸ் சப்டிலிஸ் ஆக்சிஜன் இன்றி வாழாது என்றே நூல்கள் நெடுநாள் எழுதிவந்தன. நைட்ரேட்டைக் கொண்டோ நொதித்தல் மூலமோ அது வளரும் என்பது பின்னரே தெளிவாயிற்று. எண்ணெய் வயல் நீரிலிருந்து பிரிக்கப்பட்ட ஜேஎஃப்-2 என்ற வகை ஆக்சிஜன் இன்றிப் பரப்புச்செயலி தருவதை 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். (அன்று அதன் பெயர் பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ், இன்று பேசில்லஸ் மொஜாவென்சிஸ். பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.)

ஆய்வகத்தில் நடப்பது நிலத்தடியிலும் நடக்குமா என்பதே முக்கியமான ஐயம். ஒக்லஹோமாவில், வயோலா என்னும் சுண்ணாம்புப் பாறை அடுக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஐந்து கிணறுகளில் இது சோதிக்கப்பட்டு, முடிவு 2007இல் வெளியானது. இரண்டு கிணறுகளில் பேசில்லஸ் பாக்டீரியாக்களுடன் குளுக்கோசும் சோடியம் நைட்ரேட்டும் நுண்தனிமங்களும் செலுத்தப்பட்டன. இரண்டில் ஊட்டப்பொருள்கள் மட்டும். ஒன்றில் பாறை நீர் மட்டும். பாக்டீரியா செலுத்திய கிணறுகளிலிருந்து வெளிவந்த நீரில் லிட்டருக்குச் சராசரியாக 90 மில்லிகிராம் பரப்புச்செயலி இருந்தது. மணற்பாறை மாதிரிகளில் சிக்கிய எண்ணெயை நகர்த்தத் தேவையான குறைந்தபட்ச அளவைப்போல் இது ஏறத்தாழ ஒன்பது மடங்கு.

செலவையும் பார்க்க வேண்டும். இந்தப் பாக்டீரியாக்கள் இதற்கென எண்ணெயை உண்பதில்லை; சர்க்கரையை நாம்தான் ஊட்ட வேண்டும். ஆக்சிஜன் இல்லாதபோது ஆற்றல் குறைவாகக் கிடைப்பதால் வளர்ச்சியும் குறையும். ஆனால் தொழிற்சாலைக் கலன்களில் வேறொரு வசதி உண்டு. காற்றைச் செலுத்தி வளர்த்தால் சர்ஃபாக்டின் பொங்கி நுரைத்துக் கலனை விட்டு வழியும்; காற்றின்றி வளர்த்தால் அந்தத் தொல்லை இல்லை.