பத்து டாலருக்கு 160 ஏக்கர்

1891 செப்டம்பரில் இரண்டு விவசாயிகள் மான்ட்ரியல் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஒருவர் இவான் பிலிபிவ், இன்னொருவர் வாசில் எலெனியாக். இருவருக்கும் ஊர் நெபிலிவ். இன்றைய மேற்கு உக்ரைனில், அன்றைக்கு ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில் இருந்த கிராமம் அது. கனடாவில் உக்ரைனியர் குடியேறிய வரலாற்றை இவர்களிடமிருந்தே தொடங்குவது வழக்கம்.

கலீசியாவில் பண்ணையடிமை முறை 1848-லேயே ஒழிந்துவிட்டது. ஆனாலும் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரிந்து, ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்குக்கூடக் காணாத துண்டுகளாகிப் போனது. கனடாவிலோ 1872-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைத் திருத்திப் பயிரிட்டுக் காட்டினால் பட்டா. அந்த நிலம் க்ரீ பழங்குடி மக்களும், பழங்குடி-ஐரோப்பியக் கலப்பில் உருவான மெட்டி மக்களும் வாழ்ந்த பூமி. 1876-ல் அரசோடு செய்துகொண்ட ஆறாம் ஒப்பந்தத்துக்குப் பிறகு க்ரீ மக்கள் சிறு ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டதால்தான் அரசால் அதை இப்படிக் கூறுபோட்டுக் கொடுக்க முடிந்தது. இதைச் சொல்லாமல் எந்தக் குடியேறியின் கதையையும் சொல்லக் கூடாது.

குடும்பத்தை அழைத்துவர ஊர் திரும்பிய பிலிபிவை, சனங்களைக் கிளப்பிவிடுகிறார் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். எலெனியாக் பண்ணைக் கூலியாக உழைத்துக் காசு சேர்த்தார். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து, 1898-ல் ஆல்பர்ட்டாவின் சிப்மன் பக்கம் சொந்த நிலத்தில் குடியேறினார். 1914-க்குள் அதே வழியில் சுமார் 1,70,000 உக்ரைனியர் கனடாவுக்கு வந்துவிட்டார்கள்.

வந்த பலருக்கு முதல் வீடு 'புர்டெய்'. தரையில் குழி தோண்டி, மேலே மரக்கொம்புகளைச் சாய்த்து, வேரோடு வெட்டிய புல்மண் கட்டிகளை அடுக்கி மூடுவார்கள். உள்ளே ஒரு களிமண் அடுப்பு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, நாற்பது டிகிரி குளிர். குழந்தைகுட்டிகளோடு அதற்குள்தான் குளிர்காலத்தைக் கழித்தாக வேண்டும். எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள உக்ரைனியப் பண்பாட்டுக் கிராமத்தில் இப்படி ஒரு குழிவீட்டைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழிக்குள் குடும்பத்தைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். உழுமாடும் கலப்பையும் வாங்கக் காசு வேண்டுமே! ஆண்கள் ரயில் பாதை போடவும் சுரங்கத்துக்கும் மரம் வெட்டவும் மாதக்கணக்கில் போய்விடுவார்கள். மரத்தை வெட்டி, வேரைப் பறித்து, கல் பொறுக்கி, களிமண்ணில் வைக்கோலைக் கலந்து மிதித்துச் சுவர் பூசியதெல்லாம் பெண்கள். செனகா என்ற மூலிகை வேரைத் தோண்டி விற்று மாவும் உப்பும் வாங்கியவர்களும் அவர்களே. ஆனால் பத்து டாலருக்கு நிலம் தந்த அந்தச் சட்டத்தில், விதவை போலத் தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிற பெண்ணுக்கு மட்டுமே நிலம் உண்டு. கணவன் உள்ளவள் எத்தனை ஏக்கரைத் திருத்தினாலும் பட்டா அவன் பெயரில்தான்.

பயிருக்குப் பனிதான் எமன். அதிலிருந்து காப்பாற்றியது மார்க்விஸ் கோதுமை. அது சீக்கிரம் விளைந்துவிடும். சார்லஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய அந்த ரகத்துக்கு ஒரு பக்கம் ரெட் ஃபைஃப், மறுபக்கம் நம் நாட்டிலிருந்து போன ஹார்ட் ரெட் கல்கத்தா. ரெட் ஃபைஃப் கலீசியாவிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. அந்த மண்ணின் விவசாயிகளுக்கு முன்பே அதன் விதை கனடா போய்ச் சேர்ந்திருக்கிறது!

1914-ல் முதல் உலகப் போர் மூண்டதும், ஆஸ்திரியக் குடிகள் என்ற ஒரே காரணத்துக்காக இந்த மக்கள் எதிரிகளானார்கள். சுமார் 80,000 பேர் அதிகாரிகளிடம் பதிவுசெய்துகொள்ளும்படி ஆயிற்று. முகாம்களில் அடைக்கப்பட்ட 8,579 பேரில் உக்ரைனியரே அதிகம். காடு திருத்த அழைத்த அரசே இதைச் செய்தது. அந்த அநீதியை ஒப்புக்கொள்ளும் சட்டம் 2005-ல்தான் வந்தது.

1947 ஜனவரி 3-ம் தேதி, ஒட்டாவாவில் கனடாவின் முதல் குடியுரிமைச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. பிரதமர் மெக்கன்சி கிங்கோடு சான்றிதழ் பெற்றவர்களில் எலெனியாக்கும் ஒருவர். தொண்ணூறை நெருங்கிய அந்தக் கிழவருக்கு அது நியாயமான மரியாதை. ஆனால் 160 ஏக்கரில் சரிபாதி அவர் மனைவியின் உழைப்பு என்றே நான் கணக்கு வைப்பேன். அந்தக் கணக்கைச் சட்டம் ஏற்கவே இல்லை. 1930-ல் இந்தப் பிரெய்ரி புல்வெளி நிலங்கள் மாகாணங்களின் கைக்குப் போகும்வரை, மணமான பெண்ணுக்கு நிலமில்லை என்ற விதியை மத்திய அரசு மாற்றவில்லை.