அரும்பொருளகத்துக்குள் சாமி வந்த வழி

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கலை அரும்பொருளகங்களைப் பற்றி. அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் பொருள்களின் அழகைப் பற்றி அல்ல. அந்தப் பொருள்கள் உள்ளே வருவதற்கும், சில வேளைகளில் வெளியே போவதற்கும் யார் அனுமதி கொடுக்கிறார்கள், எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரும்பொருளகத்துக்குப் போகிறோம். கண்ணாடிப் பேழைக்குப் பக்கத்தில் சிறிய அட்டை ஒன்று இருக்கும். சிலையின் பெயர், நூற்றாண்டு, நாடு, கடைசியில் ஓர் எண். அந்த எண்ணை நாம் கவனிப்பதில்லை. பல அரும்பொருளகங்களில் அதன் முதல் பகுதி, அந்தப் பொருள் சேகரிப்பில் சேர்ந்த ஆண்டைக் குறிக்கும். அப்படியென்றால் அந்த ஆண்டில் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது, சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதை எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அவர்கள்தாம் நிர்வாக வாரியம். சில நாடுகளில் மன்றம் என்பார்கள், சில இடங்களில் அறங்காவலர்கள் என்பார்கள். நம் ஊர் ஆலய நிர்வாகக் குழுவை நினைத்துக்கொண்டால் எளிதாக விளங்கும். கோயில் நகை தலைவருக்கும் சொந்தமில்லை, பொருளாளருக்கும் சொந்தமில்லை. அவர்கள் அதைக் காத்து அடுத்த குழுவிடம் ஒப்படைக்க வேண்டியவர்கள். அரும்பொருளக வாரியமும் அப்படித்தான். வங்கியாளர், வழக்கறிஞர், தொழிலதிபர், ஓய்வுபெற்ற அரசு அதிகாரி என்று பலதரப்பட்டவர்கள் அதில் இருப்பார்கள். சோழர் சிலைக்கும் பல்லவர் சிலைக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதற்குக் காப்பாளர் என்ற வல்லுநர் இருக்கிறார். எந்தப் பொருள் வேண்டும், ஏன் வேண்டும், விலை என்ன, எந்த நிலையில் இருக்கிறது, யாரிடமிருந்து வருகிறது என்று அவர்தான் எழுதிக் கொடுப்பார். கொள்முதல் குழு அதைப் பார்க்கும். சின்னத் தொகை என்றால் இயக்குநரே முடித்துவிடலாம். பெரிய தொகை என்றால் வாரியத்துக்கு வரும்.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு நம் மனத்துக்கு நெருக்கமான ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு கிராமம். அங்கே சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோயில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் பெயர்தான், ஆனால் வழிபாடு குறைந்து பூட்டியே கிடந்த சிறிய கோயில். உள்ளே பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கல நடராசர் இருந்தார். 2006ஆம் ஆண்டுவாக்கில் அவரும் மற்றச் சாமிகளும் களவு போனார்கள். போனது ஊருக்கே தெரியாது. பாதுகாப்பான இடத்துக்குச் சிலைகளைக் கொண்டுபோகலாம் என்று 2008ஆம் ஆண்டில் அதிகாரிகள் வந்து கதவைத் திறந்த பிறகுதான், உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரிந்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, அதே 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் ஒரு நடராசரை வாங்கியிருந்தது. விலை 5 மில்லியன் அமெரிக்க வெள்ளி. விற்றவர் நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூர்.

கான்பரா மன்றம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. காகிதங்கள் இருந்தன. 1968 முதல் 1971 வரை டில்லியில் பணியாற்றிய சூடான் தூதரக அதிகாரி ஒருவர் அங்கே இந்தச் சிலையை வாங்கினார், அவர் குடும்பத்திடமிருந்து இது வந்தது என்று அந்தக் காகிதங்கள் சொல்லின. அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்பாடு வந்தது 1970ஆம் ஆண்டில். இந்தியா தன் தொல்பொருள் சட்டத்தை இயற்றியது 1972ஆம் ஆண்டில். அதற்கு முன்பே டில்லியில் கைமாறிய சிலை என்று சொல்லிவிட்டால் பாதிக் கேள்விகள் அடங்கிவிடும். பொய்க் காகிதம் எழுதுகிறவருக்கு எந்த ஆண்டைப் போட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

களவுபோன கலைப்பொருள்களின் பட்டியலில் இந்தச் சிலை இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இல்லை என்று பதில் வந்தது. எப்படி இருக்கும்? களவு போனது என்றே புகார் வராத பொருள் பட்டியலில் இடம்பெறாது. பட்டியலில் இல்லை என்பதற்கு, யாரும் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்பது மட்டுமே பொருள். பூட்டிய கோயில்களிலும், மண்ணுக்கடியில் தோண்டி எடுத்த பொருள்களிலும் கடத்தல்காரர்கள் குறி வைப்பதற்கு இதுவே காரணம்.

வாங்குவதற்கு முன் சட்ட ஆலோசனையும் கேட்கப்பட்டது. பொருளின் பின்னணி பற்றிய விசாரணை போதாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது என்பது பின்னாளில் வெளியே வந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வைத்திருக்கும் நிறுவனம். ஸ்ரீபுரந்தான் நடராசரை 1994ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்த படம் அங்கே இருந்தது. அந்தப் படத்தையும் கான்பரா சிலையையும் பின்னர் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 1971க்குள் டில்லியில் விற்கப்பட்டதாகச் சொன்ன சிலை, 1994ஆம் ஆண்டில் கோயிலில் நின்றிருக்கிறது! சோழர் வெண்கலத்துக்கு ஐந்து மில்லியன் கொடுக்கப் போகிறவர், தமிழ்நாட்டுக் கோயில்களின் படங்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். விற்கிறவர் கொடுத்த காகிதத்தைக் கொண்டே விற்கிறவரைச் சோதிப்பது சோதனை ஆகாது என்பது என் கருத்து.

கபூர் 2011ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியில் கைதானார். அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இன்னொரு கோயில் களவு வழக்கில் 2022ஆம் ஆண்டு நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நடராசரை ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் புதுடில்லியில் நேரில் ஒப்படைத்தார். சிட்னி கலைக்கூடம் 2004ஆம் ஆண்டில் வாங்கியிருந்த விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரும் அப்போது உடன் திரும்பினார்.

இது தொலைதூரத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகமும் 2007ஆம் ஆண்டில் அதே வணிகரிடமிருந்து 650,000 அமெரிக்க வெள்ளிக்கு உமா பரமேஸ்வரி சிலை ஒன்றை வாங்கியது. அரியலூர் மாவட்டச் சிவன் கோயில் ஒன்றிலிருந்து களவாடப்பட்ட சிலை அது என்று நியூயார்க் வழக்கில் தெரிய வந்தது. அரும்பொருளகம் அதை இந்தியாவிடம் திருப்பிக் கொடுப்பதாக 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. அமெரிக்காவில் டோலிடோ நகர அரும்பொருளகம் 2006ஆம் ஆண்டில் 245,000 வெள்ளிக்கு வாங்கிய பிள்ளையாரும் ஸ்ரீபுரந்தான் பிள்ளையார்தான். ஒரே மாவட்டத்துச் சாமிகள், ஒரே வணிகர், மூன்று நாடுகள், மூன்று வாரியங்கள். மூன்று இடத்திலும் காகிதம் இருந்தது.

இலவசமாக வந்தால்?

விலை கொடுத்து வாங்குவதில்தானே இத்தனை ஆபத்து, நன்கொடையாக வந்தால் பேசாமல் வாங்கிக்கொள்ளலாமே என்று நேயர்களில் சிலருக்குத் தோன்றலாம். டோலிடோவுக்குப் பிள்ளையாரை விற்ற அதே கபூர், அந்த அரும்பொருளகத்துக்குச் சுடுமண் பொருள்கள் பலவற்றை அன்பளிப்பாகவும் கொடுத்திருந்தார். நாளைக்கு இன்னொரு பொருளை விற்க வரும்போது, நேற்று அன்பளிப்பு கொடுத்தவரிடம் கடுமையாகக் கேள்வி கேட்க யாருக்கு மனம் வரும்? அதனால் வாங்கும் பொருளுக்குக் கேட்கும் அத்தனை கேள்விகளையும் நன்கொடைக்கும் கேட்க வேண்டும் என்பது நல்ல வாரியங்களின் விதி.

நன்கொடையில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. நம் கோயில்களில் குழல் விளக்குக்குக் குறுக்கே 'உபயம்' என்று பெயர் எழுதி, வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறோம் அல்லவா? அரும்பொருளகத்திலும் உபயதாரர்கள் நிபந்தனை போடுவார்கள். என் சேகரிப்பைப் பிரிக்கக்கூடாது, எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும், விற்கக்கூடாது என்பார்கள். அமெரிக்காவில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்ற மருந்துத் தொழிலதிபர், தம் ஓவியங்கள் தாம் மாட்டிய சுவரிலேயே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு 1951ஆம் ஆண்டில் காலமானார். பணத்தட்டுப்பாட்டினால் அந்த ஓவியங்களைப் பிலடெல்பியா நகருக்குள் கொண்டுபோக வாரியம் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. புதிய கட்டடத்திலும் பழைய அறைகளைப் போலவே சுவர் எழுப்பி, பழைய வரிசையிலேயே ஓவியங்களை மாட்டி 2012ஆம் ஆண்டில் திறந்தார்கள். இறந்தவரின் நிபந்தனை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆணி அடிக்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே நிபந்தனையுள்ள நன்கொடையை ஏற்பதற்கு முன் வாரியம் நன்றாக யோசிக்க வேண்டும். பல அரும்பொருளகங்கள் அவற்றை ஏற்பதே இல்லை.

வாரிய உறுப்பினரே ஓவியம் சேர்ப்பவராக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். அரும்பொருளகம் ஓர் ஓவியரின் படத்தை வாங்கினால், அவருடைய மற்றப் படங்களுக்கும் மதிப்பு கூடும். அந்த மற்றப் படங்கள் உறுப்பினர் வீட்டுக் கூடத்தில் தொங்கலாம். அப்படிப்பட்டவர் அந்தத் தீர்மானத்தின்போது அறையை விட்டு எழுந்து போய்விட வேண்டும்.

வெளியே போகும் வழி

உள்ளே வந்த பொருளைச் சேகரிப்பிலிருந்து நீக்குவது உள்ளே கொண்டுவருவதைவிடக் கடினம். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கான்பராவில் மன்றத்தின் தீர்மானம் மட்டும் போதாது, அமைச்சரின் ஒப்புதலும் வேண்டும். இல்லாவிட்டால் கையில் பணம் குறையும்போதெல்லாம் சுவரைப் பார்க்கத் தோன்றும்.

தோன்றியும் இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகராட்சி 2013ஆம் ஆண்டில் திவாலானது. அந்த நகரத்துக் கலை நிறுவனத்தின் சேகரிப்பு நகராட்சியின் பெயரில் இருந்தது. ஒரு பக்கம் ஓய்வூதியத்தை நம்பியிருந்த முன்னாள் தீயணைப்பாளர்கள், காவலர்கள். மறு பக்கம் சுவரில் தொங்கும் வான்கோவும் புரூகலும். விற்றுக் கடனை அடையுங்கள் என்று கடன்காரர்கள் கேட்டார்கள். நகராட்சிப் பணத்தில் வாங்கியவற்றை மட்டும் மதிப்பிட்டதில் 454 மில்லியனிலிருந்து 867 மில்லியன் அமெரிக்க வெள்ளி வரை தேறியது. ஓவியங்கள் பொதுமக்களுக்காக அறக்கட்டளைப் பொறுப்பில் இருப்பவை, கடனுக்கு விற்கக்கூடாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்தார். கடைசியில் அறநிறுவனங்களும் மாநில அரசும் கலை நிறுவனமும் 800 மில்லியனுக்கும் மேல் திரட்டி ஓய்வூதியத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டன. அதற்குப் பதிலாகச் சேகரிப்பு முழுவதும் நகராட்சியின் கையிலிருந்து தனி அறநிறுவனத்துக்கு மாறியது. ஓய்வூதியர்களுக்கும் வெட்டு விழுந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்; ஆனால் ஓவியங்களை விற்காமலேயே அந்த வெட்டைக் குறைக்க முடிந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெர்க்ஷயர் அரும்பொருளக வாரியம் வேறு முடிவு எடுத்தது. கட்டடத்தையும் நிதிநிலையையும் சீராக்க 40 படைப்புகளை விற்கப்போவதாக 2017ஆம் ஆண்டில் அறிவித்தது. அவற்றில் இரண்டு, நார்மன் ராக்வெல் என்ற ஓவியரே நேரில் அன்பளிப்பாகக் கொடுத்தவை. ஓவியரின் பிள்ளைகளே வழக்குப் போட்டார்கள். 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. ஆனாலும் அமெரிக்க அரும்பொருளக இயக்குநர்கள் சங்கம் அந்த அரும்பொருளகத்துக்குப் பொருள் இரவல் கொடுக்க வேண்டாம் என்று தன் உறுப்பினர்களிடம் கேட்டுக்கொண்டது. விற்ற பணம் வேறு கலைப்பொருள் வாங்க மட்டுமே என்பதுதான் அந்தச் சங்கத்தின் நீண்ட நாள் விதி. கோவிட் காலத்தில் சற்றுத் தளர்த்தி, சேகரிப்பை நேரடியாகப் பராமரிக்கவும் செலவிடலாம் என்று 2022ஆம் ஆண்டில் நிலையாக மாற்றினார்கள். மின் கட்டணத்துக்கும் சம்பளத்துக்கும் இன்றும் தடைதான்.

விற்பதற்காக நீக்குவது ஒன்று. உரியவரிடம் சேர்ப்பதற்காக நீக்குவது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே நடைமுறை என்பதால் திருப்பிக் கொடுப்பதும் இழுத்துக்கொண்டே போகும். களவுப் பொருள் என்று ஐயமற நிரூபித்தால்தான் கொடுப்போம் என்று பல வாரியங்கள் நின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இரவில் நடந்த களவை, பூட்டிய கோயிலின் கிராமத்தார் எப்படி நிரூபிப்பது?

கான்பரா கலைக்கூடம் இந்த இடத்தில்தான் பாடம் கற்றுக்கொண்டதாகத் தெரிகிறது. 2021ஆம் ஆண்டில் தன் அளவுகோலை மாற்றியது. ஒரு பொருள் களவு போனதாகவோ, முறைகேடாகத் தோண்டி எடுக்கப்பட்டதாகவோ, சட்டத்துக்குப் புறம்பாக நாடு கடத்தப்பட்டதாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சான்றுகளை எடைபோட்டுத் தெரிந்தால் போதும், அதைச் சேகரிப்பிலிருந்து நீக்கித் திருப்பிக் கொடுக்க நடவடிக்கை எடுக்கப்படும். அந்த ஆண்டு ஜூலையில் 14 படைப்புகளை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அவற்றில் 13 கபூர் வழியாக வந்தவை.

அடுத்து 2023ஆம் ஆண்டில் மூன்று வெண்கலச் சிலைகள். சம்பா அரசு காலத்துப் பௌத்தச் சிலைகள். 2011ஆம் ஆண்டில் 2.3 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளிக்கு வாங்கியவை. கம்போடியாவிலிருந்து கடத்தப்பட்டவை என்று தெரிந்ததும் சேகரிப்பிலிருந்து நீக்கிக் கம்போடியாவுக்கே உரிமையை மாற்றிக் கொடுத்தார்கள். புனோம்பெனில் அவற்றுக்கு இடம் தயாராகும்வரை, மூன்று ஆண்டுகள் வரை கான்பராவிலேயே காட்சிக்கு வைக்கக் கம்போடியா சம்மதித்தது. கம்போடியாவிடமிருந்து பெற்ற இரவல் என்ற பெயரில் அந்தச் சிலைகள் அதே கூடத்தில் நின்றன.