இரண்டு பஸ்கள் ஏன் சேர்ந்தே வருகின்றன?

ஈப்போ இரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் மேடான் கிட்டுக்கு. தொலைதூர பஸ்களுக்கு 2012 முதல் நகருக்கு வடக்கே, மேரு ராயாவில், அமான்ஜெயா முனையம் இருக்கிறது. நகர பஸ்களுக்கு மேடான் கிட்தான். ஆயர் தாவாரிலிருந்து ஈப்போவுக்குப் போய்வரும் மாணவர்கள் அங்கே இதைக் கவனித்திருப்பீர்கள்: பஸ் வந்துவிட்டது, ஆட்களும் ஏறிவிட்டார்கள், ஓட்டுநர் மட்டும் கிளம்பவில்லை. “ஏன் சும்மா நிற்கிறார்?” என்று முணுமுணுப்போம். உண்மையில் அந்த நிற்றலுக்கு ஒரு வேலை உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள். ஒருவர் ஏற 3 விநாடி. சரியான நேரத்தில் வரும் பஸ்ஸில் 20 பேர் ஏறுவார்கள், 60 விநாடி ஆகும். சமிக்ஞை விளக்கில் மாட்டி 2 நிமிடம் தாமதமான பஸ்ஸில் 24 பேர், 72 விநாடி. தாமதம் 12 விநாடி கூடிவிட்டது. அதனால் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிகம் பேர் காத்திருப்பார்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் 10 விழுக்காடு! கணிதப் பாடத்தில் படித்த கூட்டு வட்டியேதான். பத்து நிறுத்தம் தாண்டும்போது 2 நிமிடத் தாமதம் 5 நிமிடத்தைக் கடந்திருக்கும். சில்லறை தேடி ஏறுவதால் ஒருவருக்கு 6 விநாடி ஆனால் வட்டி 20 விழுக்காடு. நான்கே நிறுத்தங்களில் தாமதம் இரட்டிப்பு.

பின்னால் வரும் பஸ்ஸுக்கு நேர்மாறு. முன்னது ஆட்களை அள்ளிக்கொண்டு போனதால் இதற்குக் கூட்டம் குறைவு. விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964இலேயே இதைக் கணித முறையில் விளக்கிவிட்டார்கள். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை.

வட்டி நிற்க வேண்டுமானால் முதலை அடைக்க வேண்டும். அதற்கான இடம்தான் மேடான் கிட் போன்ற சிறு துண்டு நிலம். அட்டவணையில் 6 நிமிட ஓய்வு இருந்தால், 5 நிமிடம் தாமதமாக வந்த பஸ் 1 நிமிடம் மட்டும் நின்று, உரிய நேரத்தில் கிளம்பும். பஸ் நிற்க வேண்டிய இடத்தில் கார்களை நிறுத்திவிட்டாலோ, அந்தக் கடன் அடுத்த பயணத்துக்கும் போகும். அமெரிக்காவின் அட்லாண்டாவில், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக வளாக பஸ்களில், அட்டவணையையே கைவிட்டு ஒரு சோதனை செய்தார்கள். பின்னால் வரும் பஸ் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப முன்னது காத்திருக்கும். இடைவெளிகள் தாமாகவே சமமாகின.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே வழித்தட பஸ்கள் பத்து, ஒரு நிறுத்தத்துக்கு வரும் நேரத்தைக் குறித்து, இடைவெளிகளை வரைபடமாக வரையுங்கள். முனையத்திலிருந்து தொலைவிலுள்ள நிறுத்தத்தில் அந்தக் கோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒப்பிடுங்கள்.