காக்க வந்தவரிடம் கணக்குக் கேட்போம்!

"தருமம் செய்கிறவர்களிடம் கணக்குக் கேட்கலாமா? பாவமல்லவா!" என்கிறார்கள் சில பெரியவர்கள்.

கரும்பு வண்டி எடைமேடையில் ஏறும்போது கண் கொட்டாமல் பார்த்து நிற்கிறவர்கள் பெண்ணாடத்து உழவர்கள். பத்து கிலோ குறைந்தால் கேட்கிறார்கள். அது பாவமில்லை. ஏழைப் பிள்ளையின் படிப்புக்கென்று கொடுத்த பணத்தில் பாதி குறைந்தால் மட்டும் வாய்மூடிக் கிடக்க வேண்டுமாம்! என்ன நியாயம், தோழர்களே, இது?

சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் கீழைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அதற்குத் திருப்பணி செய்தவர்களில் ஒருவர் பச்சையப்ப முதலியார். வறுமையிலே பிறந்து, துபாஷியாகிப் பொருள் ஈட்டியவர். 1794-இல், நாற்பதை ஒட்டிய வயதிலே, தருமத்துக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டு மாண்டார். கோயிலுக்குக் கொடுத்தது பற்றி நமக்கு வேறு கருத்து உண்டு; அது கிடக்கட்டும். கொடுத்தவர் நாணயமாகக் கொடுத்தார்.

பிறகு என்ன நடந்தது? கொடுத்தவர் சாம்பலானார், பணம் நிர்வாகிகள் கைக்குப் போயிற்று. நிர்வாகம் சீர்கெட்டது. வழக்கு எழுந்தது. சென்னை சுப்ரீம் கோர்ட்டு படி ஏறி, அட்வகேட் ஜெனரலாக இருந்த ஆங்கிலேயர் தலையிட்டு, ஆண்டுக்கணக்கில் வாதாடி, மீந்த பணத்தைக் கல்விக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் திறந்தது 1842-இல்! நாற்பத்தெட்டு ஆண்டுகள்! இடையே இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தறியாமலே நரைத்துப்போனார்கள். பின்னாளில் அறிஞர் அண்ணா படித்த பச்சையப்பன் கல்லூரி அந்த அறத்திலே முளைத்ததுதான். கணக்குக் கேட்க ஆளில்லாமல் போயிருந்தால் அந்தக் கல்லூரி ஏது?

அன்று உயிலைத் தின்றார்கள். இன்று தீர்மானம் போட்டுத் தின்கிறார்கள். பூட்டை உடைப்பதில்லை, கன்னம் வைப்பதில்லை. தலைவர் அவர், பொருளாளர் அவர் மனைவி, இயக்குநர் அவர் மைத்துனர். கூட்டம் கூடுகிறது, கூட்டம் கலைகிறது, சம்பளம் உயர்ந்துவிடுகிறது! அவருடைய வீட்டு மாடியே அலுவலகம். அதற்கு வாடகை வேறு. கிராமம் கிராமமாக வெயிலில் அலைகிற ஊழியருக்கோ 'மதிப்பூதியம்'. மதிப்பு உண்டு, ஊதியம் இல்லை!

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். யுனைட்டட் வே ஆஃப் அமெரிக்கா என்றொரு பெரும் தொண்டு நிறுவனம். அதன் கிளைகளுக்குத் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து பிடித்தம் கொடுத்து வந்தார்கள். ஆலைத் தொழிலாளி தோழா, கவனி, கூலியிலிருந்து! தலைவர் வில்லியம் ஆரமோனி வாங்கியது, சலுகைகளோடு சேர்த்து, ஆண்டுக்கு 4,63,000 டாலர். பறந்தது கன்கார்ட் விமானத்தில். செய்தி வெளிவந்தது, 1992-இல் பதவி விலகினார். பணமோசடிக் குற்றம் நிரூபிக்கப்பட்டு, 1995-இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் ஒன்று: அந்தச் சம்பளத்துக்காக அல்ல அவரைச் சிறையில் தள்ளியது. சம்பளத்துக்குத் தீர்மானம் இருந்ததே!

திறமையுள்ளவருக்குச் சம்பளம் வேண்டாமா என்றால், வேண்டும். பட்டினி கிடந்து தொண்டு செய் என்று எவரையும் நாம் சொல்லவில்லை. நியாயமான சம்பளம் எது என்பதை வாங்குகிறவரே தீர்மானிக்கலாமா என்பதுதான் கேள்வி. நம் நாட்டிலும் சட்டம் இதை அறியாமலில்லை. அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ நியாயத்துக்கு மீறிக் கொடுத்தால் வரிவிலக்குக்கே ஆபத்து என்று 1961 வருமான வரிச் சட்டத்திலேயே எழுதினார்கள். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு பாதி வரை போகலாம் என்றிருந்ததை 2020-இல் 20 விழுக்காடாகக் குறைத்தார்கள். அரசுப் பணத்தைப் பெருமளவு நம்பி நடக்கும் தொண்டு நிறுவனமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. கேட்கிற வாய் நம்மிடம்தான் இருக்கிறது.

ஆகவே, ரசீதுப் புத்தகத்தோடு நம் கடைவீதிக்கு வருகிறவரை உட்காரச் சொல்லுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். பிறகு கேளுங்கள்: ஐயா, சென்ற ஆண்டு வரவு எவ்வளவு? பிள்ளைகளுக்குப் போனது எவ்வளவு? செயலாளர் வீட்டுக்குப் போனது எவ்வளவு? தணிக்கை அறிக்கை எங்கே? நாணயமானவர் மகிழ்ச்சியோடு பையைத் திறப்பார். மற்றவர், டீ ஆறுவதற்குள் பெண்ணாடம் ரயிலடியில் நிற்பார்.