மறுதருணத்தின் கிரயம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், பந்தைக் கையிலேந்தி ஓடும் ஒருவகைக் கால்பந்து பெருஞ்செல்வாக்குப் பெற்றுள்ளது. அணி வென்றாலன்றிப் பயிற்சியாளர் பதவியில் நிலைப்பது அரிது. ஆகவே, ஒழுக்கக் குற்றத்தினிமித்தம் ஓரணியினின்று நீக்கப்பட்ட திறமைமிக்க இளைஞனை மற்றொரு பயிற்சியாளர் சேர்த்துக்கொண்டு, அவனுக்கு மறுதருணம் அளிப்பதாகக் கூறுவதுண்டு. கிருபையைப் பிரசங்கிக்கும் நமக்கு இச்சொல் இனியதே. ஆயினும் அதன் கிரயத்தைச் செலுத்துவோர் யார்?

டெக்சாஸ் மாநிலத்துப் பாப்திஸ்து சபையார் 1845இல் நிறுவிய பேலர் பல்கலைக்கழகத்தை நோக்குவோம். பாலியல் வன்முறைப் புகார்கள் அங்கு முறையாகக் கையாளப்படவில்லை என்றும், பிற கல்லூரிகளினின்று மாறிவந்தோரின் முன்னடக்கை சீராக விசாரிக்கப்படவில்லை என்றும் 2016இல் ஒரு விசாரணை கண்டது. பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் பதவியிழந்தார். இத்தகைய ஏற்பாட்டில் தருணம் பெறுபவன் இளைஞன். ஆதாயம் பெறுவது அணி. ஆபத்தைச் சுமப்போரோ, யாரும் கருத்துக் கேளாத மாணவியர்.

2015இல் தென்கிழக்கு மாநிலங்களின் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு, பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை போன்ற கடுங்குற்றங்களுக்காக நீக்கப்பட்டோரைத் தன் அணிகள் ஏற்கலாகாதென விதித்தது. 2017இல் இந்தியானா பல்கலைக்கழகம் புதிதாய்ச் சேருவோருக்கும் இத்தகைய விதியை இயற்றியது. இவை மனந்திரும்புதலை மறுத்தனவா? அல்ல. ஆட்டத்தையும் விளையாட்டு உதவித்தொகையையும் தடுத்தனவேயன்றிக் கல்வியைத் தடுக்கவில்லை. மன்னிப்பு வேறு, பதவி வேறு.

ஒநேசிமுக்காகப் பரிந்தெழுதிய பவுல், அவனுடைய கடனைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். பிலேமோனுக்கு எதையும் மறைக்கவில்லை. பிறர் கிரயம் செலுத்தத் தான் ஆதாயம் பெறுபவர் அளிப்பது கிருபையன்று, பேரமே. தவறிய ஊழியரைச் சபையில் மீண்டும் அமர்த்துமுன் நாமும் இக்கேள்வியையே கேட்கக் கடவோம்.